அந்தக் கட்டை சும்மா நிற்கவில்லை



சிலாங்கூர் மாநிலத்தில் தஞ்சோங் காராங் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒரு மாடி வரிசை வீடு. மூன்றே அறை. மூத்தவன் இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறான். அடுத்தவள் இடைநிலைப்பள்ளியில் கால் வைத்திருக்கிறாள். மாமியாரும் கூடவே இருக்கிறார். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலைகூட இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன குத்தகைக்காரர், "சிலிங்குக்கு மேல இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே அக்கா. குறுக்க நிக்கிற கட்டைங்கள எடுத்துட்டா ஜம்முன்னு ஒரு ரூம் வந்துடும்" என்று சொன்னாராம். விலையும் கையைக் கடிக்கவில்லை. "செய்யலாமா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

செய்யாதீர்கள், அம்மா. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தை இந்தப் பக்கம் முழுவதும் சொல்கிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு வாசகர்களும் இருப்பார்கள் என்பதால்தான் தனிக்கடிதமாக எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டைத் தொட்டு மாற்றும் உரிமையே நம்மில் பலருக்கு ஒரு தலைமுறைக்குள் வந்ததுதான். புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, தென்னமரம் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு வீடு என்றால் லயத்து வீடு. முதலில் அத்தாப்புக் கூரை, பிறகு தகரம். தென்னமரத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தச் செம்பனையை வளர்த்தவர்கள் குடியிருந்த வீடு ஒருநாளும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று 1990இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. ஆனால் அந்த வீட்டின் கூரையில் எந்தக் கட்டை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது எப்போதும் கம்பெனிதான். இன்று பத்திரம் நம் பெயரில். சொந்த வீட்டில் ஓர் அறை கூட்டுவது வெறும் வசதி மட்டும் இல்லை என்பதை நான் மதிக்கிறேன். அதனால்தான் அந்த அறை பிள்ளைகளின் தலையில் விழக்கூடாது என்று இவ்வளவு கவலையோடு எழுதுகிறேன்.

கூரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கைமரங்கள் மேல் ஓட்டின் பாரம் உட்கார்ந்திருக்கிறது. பாரம் நேராகக் கீழே மட்டும் அழுத்தினால் தொல்லையில்லை. சாய்ந்து நிற்கும் மரம் கீழ்நுனியில் வெளிப்பக்கமாகவும் தள்ளும். வழுக்குத் தரையில் கால்களை அகட்டி நிற்பவரின் பாதங்கள் தாமாகவே விலகிப் போகுமே, அதே கதைதான். அந்த இரண்டு நுனியையும் விலகவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பதுதான் கீழே கிடைமட்டமாக ஓடும் விட்டம். சிலிங் பலகையைத் தாங்கத்தான் அது இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். சிலிங்கைத் தாங்குவது அதன் சின்ன வேலை. அதை அறுத்தால் கைமரங்கள் சுவரின் தலையை வெளியே தள்ளத் தொடங்கும், முகடு கீழே இறங்கத் தொடங்கும்.

விட்டத்துக்கும் கைமரத்துக்கும் நடுவே சாய்வாகவும் செங்குத்தாகவும் சில சட்டங்கள் இருக்கும். கைமரம், விட்டம், இந்தச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு சட்டகம். குத்தகைக்காரர் சொன்ன "குறுக்க நிக்கிற கட்டைங்க" இந்தச் சட்டங்கள்தான். பார்வைக்கு மெல்லியவை. கையால் தட்டினால் கொஞ்சம் அதிரவும் செய்யும். நீளமான கைமரம் நடுவில் வளையாதபடி பாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்வது இவற்றின் வேலை. இவை இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் கைமரத்தையே ஒல்லியாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சட்டத்தை எடுத்த மறுகணம் அந்த ஒல்லிக் கைமரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீளத்தைத் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். நீளம் இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும் என்று நினைக்க வேண்டாம். அதே ஓட்டுப் பாரத்துக்கு அது பதினாறு மடங்காகும். பொறியியல் மாணவர்கள் முதலாண்டிலேயே போடும் கணக்கு இது.

சில மாதங்களுக்கு முன் இப்படி வேலை நடந்த ஒரு வீட்டுக்கு, கூரை வேலையிலேயே வயதான ஓர் ஆசாரியோடு போயிருந்தேன். எந்த ஊர், யார் வீடு என்பது வேண்டாம். ஏணியில் ஏறிச் சிலிங் துவாரத்தில் தலையை நுழைத்தால் நெருப்புச் சூடு. டார்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது, அறுத்த முனைகளின் வெளிர் நிறம். மருந்து ஏற்றிய மரம் வெளியே பச்சை கலந்த பழுப்பாக இருந்தது. ரம்பம் போன இடம் மட்டும் உள்சதை தெரிய நின்றது. நான்கு சட்டகங்களில் நடுச்சட்டங்களை எடுத்திருந்தார்கள். மரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பல் வைத்த இரும்புத் தகடு ஒன்று ஒரு பக்கம் பாதிப் பற்களோடு தொங்கியது. மீதிப் பற்கள் காற்றில் இருந்தன. ஆசாரி எதுவும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்து, ஒரு கைமரத்தின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனிவரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூல் நேராக நின்றது. மரம் நடுவில் நூலைவிட்டு இரண்டு விரல் கீழே போயிருந்தது. "இன்னும் இறங்கிக்கிட்டுதான் இருக்கு தம்பி" என்றார். கீழே அந்த வீட்டுக்காரர், "ஆறு மாசமா ஒண்ணும் ஆகலையே மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஒரு பேச்சுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஏன் ஆகவில்லை? ஒரு சட்டகம் பலவீனப்பட்டால் அதன் பாரத்தை ஓட்டுக்கு அடியில் ஓடும் ரீப்பர்கள் பக்கத்துச் சட்டகங்களுக்குக் கடத்திவிடும். பக்கத்துச் சட்டகங்கள் தங்கள் பங்குக்கு மேல் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் நிற்கும். மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சில நிமிடம் தாங்கிவிடும் பாரத்தை அது பல ஆண்டு தாங்காது. தொடர்ந்து அழுத்தினால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே போகும். பல ஆண்டு நின்றுவிட்டது என்பது பத்திரம் என்பதற்குச் சான்று இல்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இருந்த ஆறு மாடிக் கட்டடத்தை மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1971இல் கட்டியது. 1986 மார்ச் 15ஆம் தேதி ஒரு நிமிடத்துக்குள் விழுந்து 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்ததை விசாரணைக் குழு கண்டுபிடித்தது. அந்தத் தவறோடு அது பதினைந்து ஆண்டு நின்றது.

அதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது தென்கொரியத் தலைநகர் சோலில் நடந்தது. சம்பூங் என்ற பெரிய கடைத்தொகுதி. வேறு பயனுக்காகத் தொடங்கிய கட்டடத்தைப் பாதியில் கடைத்தொகுதியாக மாற்றினார்கள். நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று தூண்களைக் குறைத்தார்கள். மேலே ஐந்தாவதாக ஒரு தளத்தையும் ஏற்றி உணவகங்கள் வைத்தார்கள். முதலில் கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் இந்த மாற்றங்களைச் செய்ய மறுத்தது. உரிமையாளர் அவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களைக் கொண்டு முடித்தார். 1990இல் திறந்த அந்தக் கட்டடம் 1995 ஜூன் 29ஆம் தேதி மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு இடிந்தது. 502 உயிர்கள் போயின. அன்று காலையிலேயே மேல்தளத்தில் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. வியாபாரம் மட்டும் மாலைவரை நடந்தது. அந்த மாளிகையையும் நம் தாமான் வீட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மறுத்தவரை அனுப்பிவிட்டுச் சம்மதிப்பவரைத் தேடிப் பிடிப்பது நம் தாமான்களிலும் நடக்கிறது. ஒரு குத்தகைக்காரர் "இதை என்னால் செய்ய முடியாது" என்று சொன்னால் அவருக்கு ஒரு காப்பி கொடுத்து உட்காரவைத்து ஏன் என்று கேளுங்கள்.

எடைக் கணக்குக்கு வருகிறேன். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் சிமெண்டு ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிலோ. தகரம் என்றால் நான்கைந்து கிலோதான். பழைய கம்பத்து வீட்டில் தகரத்தை எடுத்துவிட்டு அழகுக்காக ஓடு போடுகிறவர்கள், அதே மரத்தின் மேல் பத்து மடங்கு எடையை ஏற்றுகிறார்கள். ஒரு சின்ன வரிசை வீட்டின் கூரையிலேயே மூன்று டன்னுக்கு மேல் ஓடு இருக்கும். பலருடைய வீட்டில் தண்ணீர்த் தொட்டியும் சிலிங்குக்கு மேல்தான். 200 காலன் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் 900 கிலோ. அந்தத் தொட்டி எந்தச் சட்டகங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பக்கத்துச் சட்டத்தில் ரம்பம் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் ஓர் அறை. சிலிங்கைப் பிடித்திருக்கும் மரங்களுக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவில்தான் கூடுதல் பாரம் கணக்கிடுவார்கள். பலகை, மின்கம்பி, எப்போதாவது பழுது பார்க்க ஏறும் ஓர் ஆள், அவ்வளவுதான். குடியிருக்கும் வீட்டின் தளத்துக்கு நம் கட்டடத் துணைச்சட்டம் சொல்லும் அளவு 150 கிலோ. பத்துக்குப் பத்து அறை என்றால் 1,400 கிலோவுக்கு வடிவமைக்க வேண்டும். கட்டில், அலமாரி, புத்தகங்கள், படிக்கும் பிள்ளை, பார்க்க வரும் தோழர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆறு மடங்கு வித்தியாசம். இதில் நடுச்சட்டங்களையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

நம் மண்ணையும் மறந்துவிடக் கூடாது. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம்வரை கடலோரம் முழுக்க மென்மையான கடல் களிமண். உள்ளே போனால் கரிமண். வாசல் சிமெண்டுத் தளம் வீட்டைவிட்டு விலகி இறங்கியிருப்பதையும், கால்வாய் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையும் இங்கே தினமும் பார்க்கிறோம். கூரைக்குள் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் சுவர் வழியாக இந்த மண்ணுக்குத்தான் வந்து சேர வேண்டும். வரிசை வீட்டில் அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். உப்புக் காற்று இரும்புத் தகட்டைத் துருவாக்கும், கரையான் மரத்தைப் பொடியாக்கும். பத்திருபது ஆண்டு பழைய கூரைக்கு அது கட்டிய நாளில் இருந்த பலம் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

காற்று வேறு. ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர்வரை சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயற்காற்று விடியலுக்கு முன்னே நம் கரையில்தான் முதலில் மோதும். ஊரே தூங்கும் நேரம். அந்தக் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். இத்தனை நாள் அழுத்தத்தைத் தாங்கிய சட்டம் அந்தச் சில நிமிடங்களில் இழுவையைத் தாங்க வேண்டும். சட்டமே இல்லாவிட்டால் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

அப்படியானால் கூரைக்குள் அறையே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். நம் பக்கத்துக் கம்பங்களில் பழைய மலாய் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீடுகள் சிலவற்றில் லோத்தெங் என்ற மேல்பரண் உண்டு. பெண்பிள்ளைகள் படுக்கவும் நெய்யவும் பயன்பட்ட இடம் அது. அங்கே ஆலாங் என்ற விட்டத்தை எடுத்துவிட்டு அறை செய்யவில்லை. விட்டத்தைத் தடியாகப் போட்டு, அதன் மேலேயே பலகை பரப்பினார்கள். அறை வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்து மரத்தைத் தேர்ந்தார்கள். கெடாவில் இருந்த பழைய மலாய் மரவீடான பெங்ஹுலு அபு செமான் வீட்டை 1990களில் பிரித்து எடுத்து வந்து கோலாலம்பூர் ஜாலான் ஸ்தோனோரில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். தலைநகர் போகிறவர்கள் ஒருமுறை அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். பெரிய மரவீடு ஒன்றைப் பிரித்து மறுபடி நிறுத்த முடிகிறது என்றால், எந்த மரம் எதைப் பிடிக்கிறது என்று அறிந்தவர்கள் அதைச் செய்தார்கள் என்றுதான் பொருள்.

இன்றைய வீட்டிலும் முறையாகச் செய்ய வழி உண்டு. பதிவுபெற்ற பொறியாளர் வந்து பார்த்து, சுவருக்குச் சுவர் புது உத்திரம் கணக்கிட்டு, அதன் மேல் தளத்துக்குத் தனி மரங்கள் போட்டு, கைமரங்களுக்குத் துணைமரம் சேர்த்து, எல்லாவற்றுக்கும் முன்பாகக் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் பழைய சட்டத்தைத் தொடுவார்கள். புதிதை நிறுத்திவிட்டுப் பழையதை எடுப்பது. அந்த வரிசை மாறக் கூடாது. ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், நம் பக்கத்துச் சாதாரண ஒரு மாடி வரிசை வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. கூரைச் சரிவு குறைவு, நடுவில் மட்டும்தான் தலை நிமிர்த்த முடியும். மதியத்தில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் வெக்கையில் எந்தப் பிள்ளையும் கணக்குப் போடாது. அந்தப் பணத்தைப் பின்கட்டில் ஓர் அறைக்குச் செலவழியுங்கள். அதுவும் முடியாவிட்டால் முன்கூடத்தில் ஒரு தடுப்பு வைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். எழுதிய வாசகிக்கு என் யோசனை இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி வீட்டின் கட்டமைப்பை மாற்ற ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) வாசிகளுக்குக் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம். செகிஞ்சான், சுங்கை பெசார் என்றால் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றம். குத்தகைக்காரர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்தவரா, பொறியாளர் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்லவர்கள் தாங்களே அட்டையை எடுத்து நீட்டுவார்கள். அனுமதி வாங்க நாளாகும், ஓட்டமும் உண்டு. ஆனால் அந்த வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்துப் போடும்போது, கூரை நிற்கும் என்ற பொறுப்பைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்கிறார். "அண்ணே நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்ற வாய்ச்சொல்லுக்கு அந்த எடை கிடையாது.

ஏற்கெனவே கூரைக்குள் கட்டை எடுத்துவிட்ட வீடுகளில் வசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழிசொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்காகச் செய்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாலையின் எதிர்ப்பக்கம் நின்று உங்கள் கூரை முகட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டு முகட்டோடு ஒப்பிட்டு. நடுவில் குழி விழுந்திருக்கிறதா? சுவரின் உச்சியில், கூரை உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் வெடிப்பு ஓடுகிறதா? முன்பு சரியாகச் சாத்திய கதவு இப்போது நிலையில் உரசுகிறதா? சிலிங்குக்கும் சுவருக்கும் நடுவே புதிதாக இடைவெளி தெரிகிறதா? ஒன்று இருந்தாலும் மேலே உள்ள சாமான்களை அன்றே இறக்கிவிடுங்கள், அந்த அறைக்கு அடியில் யாரையும் படுக்கவைக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். எடுத்த சட்டத்தை நீங்களே திரும்ப ஆணியடித்து வைக்க முயல வேண்டாம். வளைந்த கூரையைத் தூக்கி நிறுத்தாமல் சட்டத்தை மட்டும் வைப்பதால் பயனில்லை, ஏறி நிற்பவருக்கு ஆபத்தும்கூட. பழைய தோட்டத்து வீடுகளிலும் மலிவு வீடுகளிலும் சிலிங்கோ கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கலாம். அதை அறுத்தால் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை வேலையில் கை தேர்ந்த ஆசாரிமார் நம் வாசகர்களிலேயே பலர் இருக்கிறீர்கள். கட்டடப் பொறியாளர்களாக நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தாமானில் சந்தேகத்தோடு இருக்கும் வீடுகளைப் பார்த்துச் சொல்ல முன்வருபவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்கும் குடும்பங்களோடு உங்களைச் சேர்த்துவைக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்